குளிர்காபிக்கு எந்த வழி? கொட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பழனி மலையில் உட்கார்ந்துகொண்டு குளிர்ந்த காபி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கொடைக்கானல் ஏரிக்கரையில் ஸ்வெட்டரோடு நிற்பவருக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் நம் மலையில் காபி விளைவது அவ்வளவு உயரத்தில் இல்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, மங்களங்கொம்பு, கே.சி.பட்டி, பாச்சலூர் என்று கீழ்மலைச் சரிவுகளில்தான் காபித் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பங்குனி, சித்திரை மதியத்தில் வெயில் நன்றாகவே உறைக்கும். பள்ளி விடுமுறைக்கு வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரையிலிருந்து சொந்தங்கள் வந்து இறங்கும் மாதமும் அதுதான். வருகிற பிள்ளைகள் "சித்தி, கோல்ட் ப்ரூ போடத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். தோட்டத்து வீட்டில் அறை வாடகைக்கு விடுபவர்களிடம் விருந்தாளிகள் கேட்பதும் இதையேதான்.

கேட்டதும் பலரும் முதலில் தேடுவது பாத்திரத்தை. எந்த ஜாடி, எந்த வலை, எந்த விலை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாத்திரம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் உங்கள் கையில் இருக்கும் காபி எது என்று பாருங்கள். தோட்டத்துக் கொட்டையா, கடையில் சிக்கரி கலந்து அரைத்த தூளா, இந்த வருடத்துப் பறிப்பா, போன வருடத்ததா? எந்த வழியில் குளிர்காபி போடலாம் என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானித்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடிய வழிகள் மூன்று. தூளைக் குளிர்ந்த தண்ணீரில் பல மணி நேரம் ஊறவைத்து வடிப்பது ஒன்று. எல்லோரும் கோல்ட் ப்ரூ என்று சொல்வது இதைத்தான். கொதிநீரில் இறக்கும் காபியை நேராக ஐஸ் மேல் விழ வைப்பது இன்னொன்று. ஜப்பான்காரர்களின் பழக்கம் என்று சொல்வார்கள். மூன்றாவது நமக்குத் தெரிந்ததே. வழக்கமான டிகாஷனை ஆறவைத்து, குளிர்ந்த பாலில் கலப்பது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் கண்ணாடிக் கோபுரம் ஒன்றும் உண்டு. கியோட்டோ பாணி என்று கடைகளில் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வீட்டுக்கு அது தேவையில்லை.

ஊறவைத்து வடிப்பது

100 கிராம் தூளுக்கு 800 மி.லி. தண்ணீர். தூள் பெருவெட்டாக இருக்க வேண்டும். பச்சரிசிக் குருணை அளவு என்று காபிக் கடையில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வீட்டு ஃபில்டருக்கு அரைக்கும் பதம் இதற்கு ஆகாது. ஊறும்போது அது சேறாகிவிடும், துணியில் இறங்காது, துவர்ப்பும் கூடிவிடும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுக்க ஆறவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் நகரம் மாதிரி 6,500 அடிக்கு மேல் இருக்கிறவர்கள் தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு 3 நிமிடம் விட வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் இந்தக் கூடுதல் நேரம். எவர்சில்வர் தூக்குவாளியோ கண்ணாடி ஜாடியோ போதும். முதலில் தூளைப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை ஊற்றிக் கிளறி, தூள் முழுக்க நனைந்தது தெரிந்த பிறகு மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் மேலே மிதக்கும் தூள் காய்ந்தே கிடக்கும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கிளறி, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். 18 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்து வடிக்கலாம்.

வடிப்பதை இரண்டு கட்டமாகச் செய்தால் சிரமமில்லை. முதலில் டீ வடிகட்டியில் பெரிய தூளை நிறுத்திவிட்டு, பிறகு நாலாக மடித்த பழைய வேட்டித் துணியில் ஊற்றுங்கள். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கசடும் கசப்பும் சேர்ந்து இறங்கும். புதுத் துணியாக இருந்தால் கஞ்சி போக ஒருமுறை கொதிக்க வைத்து அலச வேண்டும். அதன் பிறகு அந்தத் துணிக்குச் சோப்பு காட்டவே கூடாது, வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போட்டால் போதும். துணிக்குப் பதில் காகித வடிகட்டி வைத்தால் எண்ணெய்ப் பசையும் நின்றுவிடும். காபி தெளிவாக இருக்கும், ஆனால் நாக்கில் அந்தக் கனம் குறையும். எனக்குத் துணிதான் பிடிக்கிறது.

தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் 800 ஊற்றினால் கிடைப்பது ஏறக்குறைய 600 மி.லி. மட்டுமே. ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்தால் ஆறு டம்ளர் வரும். டம்ளருக்கு 16, 17 கிராம் தூள் ஆகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செலவுக் கணக்கில் திரும்ப வரும்.

ருசி எப்படி இருக்கும்? புளிப்பு மங்கிப்போகும், கசப்பும் மென்மையாகும், அடியில் ஒரு இனிப்பு தெரியும், திடமாக இருக்கும். குளிர்நீர் காபியின் அமிலங்களையும் கசப்புப் பொருள்களையும் கொதிநீர் அளவுக்கு வெளியே இழுக்காது. மணமும் அப்படித்தான். வெந்நீர் பட்டதும் வீடு முழுக்கப் பரவுமே அந்த வாசம், இதில் அது வராது. வாசத்துக்காகக் காபி குடிக்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

ஐஸ் மேல் இறக்குவது

30 கிராம் தூள், 300 மி.லி. கொதிநீர், 200 கிராம் ஐஸ். ஒரு கூம்பு வடிகட்டி, காகித ஃபில்டர், அடியில் ஐஸ் போட்ட ஜாடி. ஐஸும் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் உறைய வைத்ததாக இருக்கட்டும். தூள் இங்கே ரவை பதத்தில் வேண்டும். முதலில் தூள் நனையும் அளவுக்குக் கொஞ்சம் வெந்நீர் விட்டு அரை நிமிடம் பொறுத்து, பிறகு சுற்றிச் சுற்றி மெதுவாக ஊற்றினால் 4 நிமிடத்துக்குள் இறங்கிவிடும். சூடான காபி ஐஸைத் தொட்ட கணத்தில் குளிர்வதால் வாசம் ஆவியாகிப் போகாமல் காபிக்குள்ளேயே நிற்கிறது. கொதிநீர் இழுத்த பழப் புளிப்பும் அப்படியே இருக்கும். குடித்துப் பார்த்தால் ஊறவைத்த காபியும் இதுவும் ஒரே கொட்டையில் செய்தவை என்று நம்ப முடியாது.

மலையில் இருக்கிறவர்கள் இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. கொடைக்கானலில் தண்ணீர் கொதிப்பது 93 டிகிரியில். தாண்டிக்குடிப் பக்கம் 95 இருக்கலாம். காபிக்குத் தேவையான சூடு 90-லிருந்து 96 வரை என்பார்கள். சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகளில் 'கொதித்த பிறகு அரை நிமிடம் பொறுங்கள்' என்று இருக்கும். இங்கே அதைக் கேட்காதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கிய உடனே ஊற்ற வேண்டும். வடிகட்டியையும் முன்கூட்டியே வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த பாத்திரத்தில் பட்டதும் சூடு 90-க்குக் கீழே போய், காபி வெளிறிப் புளித்துப்போகும். டிகாஷன் சரியாக இறங்கவில்லை, சப்பென்று இருக்கிறது என்று மேல்மலையில் பலர் சொல்வதற்கும் பாதிக் காரணம் இதுதான். எவர்சில்வர் ஃபில்டரின் மேல் பாத்திரத்தைச் சூடாக்கிவிட்டுத் தூள் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

30 கிராமில் மூன்று டம்ளர் வருகிறது. டம்ளருக்கு 10 கிராம்தான். ஊறவைப்பதற்கு ஆகும் தூளில் மூன்றில் இரண்டு பங்குகூட ஆகவில்லை. அராபிகா என்ற உயர்ந்த வகைக் காபியின் விலைக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் செய்து வைத்து நாலு நாள் குடிக்க முடியாது. அன்றைக்கே, முடிந்தால் அந்த நேரத்திலேயே குடித்துவிட வேண்டும்.

டிகாஷனை ஆறவைப்பது

இதற்குச் செய்முறை சொல்ல வேண்டியதில்லை. முதல் டிகாஷனைக் கெட்டியாக இறக்கி, அது ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, அன்றைக்கே குளிர்ந்த பாலில் கலப்பது. வெறும் தண்ணீரில் கலந்து வரக்காபியாகக் குடித்தால் கசப்பு முன்னால் வந்து நிற்கும். பாலும் இனிப்பும் அதைச் சமாளித்துவிடும். மறுநாள் வரை வைத்தால் ஒரு பழைய வாடை வரும், அதற்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சிக்கரி கலந்த தூள் மட்டும்தான் வீட்டில் இருக்கிறது, பாலோடுதான் எல்லோரும் குடிப்பார்கள் என்றால், மூன்றில் இதுவே நல்ல வழி.

கொட்டைதான் முடிவு செய்யும்

நம் மலைக் காபி பெரும்பாலும் அராபிகா. சில்வர் ஓக், பலா, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் மர நிழலில், மிளகுக் கொடியோடும் மலைவாழையோடும் சேர்ந்து வளர்வது. எஸ்.795, காவேரி, 2007-ல் வெளியான சந்திரகிரி என்று ரகங்கள் பல. காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. ஆரஞ்சு மரத்தடியில் வளர்வதால் காபியிலும் ஆரஞ்சு வாசம் வரும் என்று விருந்தாளிகளிடம் சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை. எலுமிச்சை சாயலில் ஒரு புளிப்பு நல்ல அராபிகாவுக்கே உள்ள குணம், மரத்திலிருந்து வந்ததில்லை.

பறித்த பழத்தை இரண்டு விதமாகப் பதப்படுத்துகிறார்கள். பல்பர் இயந்திரத்தில் தோலை நீக்கி, பிசுபிசுப்புப் போகக் கழுவி, உமியோடு காயவைப்பது ஒன்று. பார்ச்மென்ட் என்று சொல்வது அதை. பின்னர் உமி நீக்கித் தரம் பிரித்தால் பிளான்டேஷன் ஏ, பி, பீபெரி என்று ஆகிறது. இன்னொன்று, பழத்தை அப்படியே களத்தில் உலர்த்தி எடுக்கும் செர்ரி.

இந்த இரண்டுக்கும் குளிர்காபியில் வேலை வேறு வேறு. கழுவிய கொட்டையில் புளிப்பும் வாசமும் தெளிவாக இருக்கும். அதைக் குளிர்நீரில் ஊறவைத்தால் அந்தக் கொட்டைக்காகக் கொடுத்த பணத்தில் பாதி வீண். வாசம் வெளியே வருவதே இல்லை. கார்த்திகையிலிருந்து தை வரை பறித்து, கழுவி, காய்ந்து, சித்திரைக்குக் கைக்கு வரும் புதுப் பிளான்டேஷன் ஏ கிடைத்தால் அதை ஐஸ் மேல்தான் இறக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவனமாகக் காயவைத்த அராபிகா செர்ரியோ கனமும் பழ இனிப்பும் உள்ளது, விலையும் பிளான்டேஷன் ஏ-யைவிடக் குறைவு. ஊறவைப்பதற்கு அதுவே பொருத்தம். தூள் அதிகம் தின்னும் முறைக்கு விலை குறைந்த கொட்டை அமைவது வீட்டுக்கும் நல்லதுதான். போன வருடத்துக் கொட்டை, வாசம் மங்கிப் போனது மீதம் இருந்தாலும் ஊறவைக்கலாம். அதற்கும் இனிப்பு இருக்கும். ஆனால் சரியாகக் காயாமல் பூஞ்சை வாடை அடிக்கிற செர்ரியை எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. பச்சைக் கொட்டையை முகர்ந்து பார்த்தே வாங்குங்கள்.

பீபெரிதான் உயர்த்தி என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்று மட்டும் உருண்டையாக வளர்ந்தது பீபெரி. சீராக வறுபடும் என்பார்கள், அது சரி. ஊறவைக்கும் காபியில் அந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியாது. அங்கே அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

வறுப்பு நடுத்தரமாக இருக்கட்டும். கடைகளில் பாலுக்கென்று கருக வறுத்தது குளிர்நீரில் சாம்பல் கசப்பைக் கொடுக்கும். மிகவும் இளவறுப்பாக இருந்தால் குளிர்நீர் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாமல் பச்சை வாடை அடிக்கும். கடையில் போய், "அண்ணே, சிக்கரி இல்லாம, மிதமா வறுத்து, பெருவெட்டா அரைச்சுக் கொடுங்க" என்று கேட்டால் போதும். இரண்டு முறை கேட்டுவிட்டால் மூன்றாவது முறை அவர்களே நினைவு வைத்துக்கொள்வார்கள்.

சிக்கரி கலந்த தூளை ஊறவைக்கலாமா? செய்யலாம். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் ஊர்க்காரர்கள் சிக்கரிக் காபியைக் குளிர்நீரில் ஊறவைத்துப் பால் சேர்த்துக் குடிப்பதை ஒரு மரபாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் கடைக் கலவையில் சிக்கரி 40 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதே நம் உணவுச் சட்டம் வைத்திருக்கும் எல்லை. அளவைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம், பார்த்து வாங்குங்கள். சிக்கரி காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும். ஊறினால் நிறம் கறுத்து, கொழகொழவென்று ஆகி, துணியையும் அடைத்துக்கொள்ளும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. இந்த மலையில் விளையும் காபி பெரும்பாலும் பார்ச்மென்ட்டாகவும் செர்ரியாகவும் மூட்டை கட்டி மலையிறங்கிவிடுகிறது. பட்டிவீரன்பட்டியில் பதப்படுத்தித் தரம் பிரித்து, எங்கெங்கோ போய்ச் சேருகிறது. பறித்தவர்களும் வளர்த்தவர்களும் வீட்டில் குடிப்பது பெரும்பாலும் கடையில் வாங்கிய சிக்கரித் தூள், அதுவும் நிறையப் பாலில். தங்கள் கொட்டை என்ன ருசி என்று தெரியாமலே ஒரு தோட்டத்தை இத்தனை வருடம் பார்த்துக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாலும் சர்க்கரையும் சிக்கரியும் இல்லாமல் குடிக்க வைப்பதால்தான் இந்தக் குளிர்காபி எனக்குப் பிடித்திருக்கிறது. சூடான வரக்காபியை முகம் சுளிக்கிறவர்கள்கூட ஐஸ் மேல் இறக்கியதை வாங்கிக் குடிக்கிறார்கள். ஐந்து கிலோ பார்ச்மென்ட்டை வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்து, உமி நீக்கி, வறுத்து, ஒரு தடவை இப்படிக் குடித்துப் பாருங்கள். அடுத்த பறிப்பில் பச்சைக்காயும் பழமும் கலந்து உருவியது காபியில் எப்படித் தெரிகிறது என்று உங்களுக்கே புரியும்.

ஃபிரிட்ஜா, சமையலறை அலமாரியா

பல குறிப்புகளில் 'அறை வெப்பத்தில் 12 மணி நேரம்' என்று இருக்கும். யாருடைய அறை என்பதுதான் கேள்வி. வத்தலக்குண்டில் மே மாதச் சமையலறை 35 டிகிரியைத் தொடும். கொடைக்கானலில் அதே மாதம் பகலில் 20-ஐ ஒட்டியும் இரவில் 12-ஐ ஒட்டியும் இருக்கும். கீழ்மலை இரண்டுக்கும் நடுவில். 35 டிகிரியில் 8 மணி நேரத்திலேயே காபி இறங்கிவிடும், கெட்டுப்போகவும் வழி உண்டு. கொடைக்கானல் இரவில் 16 மணி நேரமாவது வேண்டும்.

கொடைக்கானல் குளிர்தானே, வெளியே வைத்தால் என்ன என்று தோன்றலாம். 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் உணவில் கிருமி வளரும் என்பதுதான் உணவுப் பாதுகாப்பில் பொதுக் கணக்கு. ஊறவைத்த காபியைக் கடைசி வரை யாரும் கொதிக்க வைப்பதில்லை. அதன் பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 5-ஐ ஒட்டி இருக்கிறது. எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். 4.6-க்கு மேல் உள்ள எதையும் காற்றுப் புகாமல் மூடி வெளியே நாள்கணக்கில் வைத்தால் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு இடம் கொடுத்ததாகும். அதற்கு வாசமோ நிறமாற்றமோ தெரியாது. ஆகவே ஃபிரிட்ஜ் இருக்கும் வீட்டில் ஊறுவதும் அங்கேதான், வடித்த பிறகு இருப்பதும் அங்கேதான். காற்றும் மழையும் வந்து நீண்ட நேரம் மின்சாரம் போய், ஃபிரிட்ஜ் உள்ளே குளிர் போய்விட்டது தெரிந்தால் அந்த ஜாடியைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜே இல்லாத வீடு என்றால் ஊறவைப்பதை நினைக்காமல், காலை டிகாஷனை ஆறவைத்து மதியமே குடித்துவிடுவது பாதுகாப்பானது.

ஃபிரிட்ஜில் வைக்கும்போது மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். காபி பக்கத்தில் இருக்கும் வாசத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். நம் வீடுகளில் கொடைக்கானல் மலைப்பூண்டு இல்லாத நாள் எது?

பாத்திரம்

கடைசியாக இதுவும். அமெரிக்காவில் 1964-ல் டாட் சிம்ப்சன் என்பவர் ஊறவைப்பதற்கென்றே டாடி என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தார். அதில் இருப்பது ஒரு வாளி, அடியில் கம்பளம் மாதிரி தடித்த ஒரு வடிகட்டி, ஒரு அடைப்பான். இன்று விற்கும் பலவற்றுக்கும் அதுதான் முன்மாதிரி. தூக்குவாளியும் வேட்டித் துணியும் அதே வேலையைச் செய்கின்றன. நடுவில் வலைக்கூடை வைத்த கண்ணாடிப் புட்டிகள் வசதிதான், கழுவுவது எளிது, ஆனால் வலை வழியாக நுண்தூள் இறங்கிவிடும். வீட்டில் ஏற்கனவே பிரெஞ்சு பிரஸ் (வலையை அழுத்தித் தூளை அடியில் நிறுத்தும் ஜாடி) இருந்தால் ஊறவைக்க அதுவே போதும். செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் கூம்பு வடிகட்டிக்கும் காகிதத்துக்கும் செய்யுங்கள். அதற்கு வீட்டில் சரியான மாற்று இல்லை. இன்னும் கையில் பணம் இருந்தால் கையால் சுற்றும் அரைக்கும் கருவி. மிக்ஸியில் அடித்தால் பாதி மாவாகவும் பாதி கட்டியாகவும் வரும்.

பால், இனிப்பு, வயிறு

பாலோடு குடிப்பவர்களுக்கு ஊறவைக்கும்போதே அளவை மாற்ற வேண்டும். 100 கிராமுக்கு 500 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். 300 மி.லி. கெட்டியாக வடியும். சம அளவு குளிர்ந்த பால் சேர்த்தால் சரியாக இருக்கும். பாலைக் காய்ச்சி ஆற்றிக் குளிரவைத்து, ஆடை எடுத்துவிட்டுச் சேருங்கள். ஐஸ் மேல் இறக்கியதில் பால் விட வேண்டாம். அதன் புளிப்பும் பாலும் ஒட்டாது.

சர்க்கரை குளிர்ந்த காபியில் கரையாமல் அடியில் கிடக்கும். நாட்டுச்சர்க்கரையைச் சம அளவு தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டிப் பாகாக வைத்துக்கொண்டால் அது உடனே கலக்கும். ஊறவைத்த செர்ரிக் காபிக்கு நாட்டுச்சர்க்கரைப் பாகு அவ்வளவு பொருத்தம். கருப்பட்டிப் பாகு இன்னும் அழுத்தமான ருசி, பாலோடு நன்றாக இருக்கும். மலைத்தேன் விட்டால் தேன்தான் தெரியும், காபி ஒதுங்கிவிடும்.

ஊறவைத்த காபியில் அமிலமே இல்லை, நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தாராளமாகக் குடிக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2018-ல் நினி ராவ், மேகன் ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சூடான காபியையும் ஊறவைத்ததையும் வைத்துச் சோதித்தார்கள். இரண்டின் பி.எச். அளவும் 4.85-லிருந்து 5.13-க்குள் ஒன்றுபோலவே இருந்தது. மொத்த அமில அளவு சூடான காபியில் கூடுதல், அதனால்தான் ஊறவைத்தது நாக்குக்கு மென்மையாகப் படுகிறது. வயிற்றுப் புண் உள்ளவர்கள் இதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

காஃபீன் விஷயத்தில் கவனம் தேவை. வறுத்த அராபிகாவில் எடையில் ஏறக்குறைய 1.2 சதவீதம் காஃபீன், ரோபஸ்டா என்ற இன்னொரு வகைக் காபியில் 2 சதவீதத்துக்கு மேல். 100 கிராம் அராபிகாவில் 1,200 மில்லிகிராம் இருக்கிறது. பெரும்பகுதி வடிநீரில் வந்துவிடும். ஆறு டம்ளராகப் பிரித்தாலும் டம்ளருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டும். மென்மையாக இருக்கிறதே என்று ஐஸோடு மூன்று டம்ளர் குடிப்பது சுலபம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400, கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு. விடுமுறைக்கு வந்த சின்னப் பிள்ளைகள் கேட்டால் பாலில் இரண்டு ஸ்பூன் கலந்து கொடுங்கள், அதையும் மாலைக்குப் பிறகு வேண்டாம். வடித்த ஜாடி ஃபிரிட்ஜில் 5 நாள் வரை நன்றாக இருக்கும். பால் சேர்த்துவிட்டால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வடித்த தேதியை ஜாடி மேல் ஒட்டி வைத்துவிட்டால் வீட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.